வெயிலும் பசியும்: அல்ஜியர்ஸ் நகர மாணவ வாழ்வை எழுதிய மூவர்

1

இலக்கியத்தில் இடம்பெறும் இயற்கை எவர்க்கும் பொதுவானது என்ற எண்ணம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அரசியலும் பொருளாதாரமும் மனிதரைப் பிரிப்பன என்றும், கடலும் வானும் வெயிலும் அவர்களை ஒன்றுபடுத்துவன என்றும் கூறுவோர் உளர். திணைக் கோட்பாட்டைத் தம் மரபாகக் கொண்ட தமிழிலக்கிய மாணவருக்கு இவ்வெண்ணம் எளிதில் உடன்பாடாவதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருளாகக் கூறப்படினும், கருப்பொருளும் உரிப்பொருளும் சேர்ந்தபோதே அவை பொருள் பெறுகின்றன என்பது தொல்காப்பியம் காட்டும் நெறி. ஒரு நிலத்தில் வாழ்வோர் யாவர், அவர்தம் தொழில் யாது, உணவு யாது என்பவற்றை ஒதுக்கிவிட்டு அந்நிலத்தின் அழகை மட்டும் தனியே பிரித்தெடுத்தல் அரிது.

இந்நோக்கில் ஆராயத்தக்க நகரங்களுள் அல்ஜியர்ஸ் ஒன்று. மத்தியதரைக் கடலின் தென்கரையில், குடாவை நோக்கிச் சரியும் குன்றுகளின் மேல் அமைந்த இந்நகரம் ஒருபுறம் ஐரோப்பிய உல்லாசப் பயணிகளின் உறைவிடமாகவும், மறுபுறம் பிரெஞ்சு வட ஆபிரிக்காவின் உயர்கல்வி மையமாகவும் விளங்கியது. இங்கு மாணவராயிருந்த மூவர் பின்னர் பிரெஞ்சு மொழியிற் புகழ்பெற்ற எழுத்தாளராயினர். அல்பேர் காம்யு, மூலூத் பெராவுன், அசியா ஜெபார் என்போரே அம்மூவர். இவர்களுட் காம்யு தமிழ் வாசகர்க்கு ஏலவே அறிமுகமானவர். அவரது நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கி, 'அந்நியன்' என்ற பெயரில் 1980இல் க்ரியா வெளியிட்டது. ஏனைய இருவரும் தமிழிற் போதிய அளவு பேசப்பட்டாரல்லர். மூவரையும் ஒருங்குவைத்து நோக்கும்போது, தனித்தனியே படிக்கையிற் புலப்படாத பிரச்சினையொன்று தெளிவாகின்றது. ஒரு நகரத்தின் வெயிலும் அதே நகரத்தின் பசியும் ஒரே பக்கத்தில் எழுதப்பட முடியாமற்போனமையே அப்பிரச்சினை.

2

பிரான்சு அல்ஜியர்சை 1830இல் கைப்பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியளவில், ஐரோப்பியக் குளிருக்கு அஞ்சியோரும் நெஞ்சு நோயாளரும் மாரிக்காலத்தைக் கழிக்கும் இடமாக இந்நகரம் மாறியிருந்தது. மேட்டுப் பகுதியான முஸ்தபாவில் அவர்களுக்கென விடுதிகளும் மாளிகைகளும் எழுந்தன. வெயிலைத் தேடி அங்கு சென்றோருள் கார்ல் மார்க்சும் ஒருவர். 1882 பெப்ரவரியில் மருத்துவர் ஆலோசனைப்படி அங்கு சென்ற அவர் மே மாதத் தொடக்கம் வரை தங்கினார். அவ்வாண்டு மழையும் குளிரும் மிகுந்திருந்தமையால் எதிர்பார்த்த நலம் கிட்டவில்லை. மூலதனத்தை ஆராய்ந்த பேரறிஞரும் அந்நகருக்கு வெயில் நாடிய விருந்தினராகவே சென்றார் என்பது சிந்தனைக்குரியது. அந்நகரத்தின் காலநிலை அக்காலத்திலேயே விலைப்பொருளாகிவிட்டது.

1909இல் ஏலவே இருந்த உயர்கல்விக் கூடங்களை ஒன்றிணைத்து அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நகரின் ஐரோப்பியப் பகுதியில், கடைகளும் சிற்றுண்டிச்சாலைகளும் நிறைந்த மிஷ்லே வீதியை அடுத்து அது அமைந்தது. அல்ஜீரிய மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கினர் முஸ்லிம்கள். எனினும், விடுதலைப் போர் தொடங்கிய 1954இல் கூடப் பல்கலைக்கழகத்தின் ஏறத்தாழ ஐயாயிரம் மாணவருள் அவர்கள் பத்தில் ஒரு பங்கு அளவினரே. நாட்டில் பெரும்பான்மையினராயிருந்தோர் விரிவுரை மண்டபத்துக்குள் சிறுபான்மையினராயினர். அந்நகரின் மாணவ வாழ்வைப் பற்றிய எந்த இலக்கிய மதிப்பீடும் இவ்விகிதத்தை மறந்து செய்யப்படலாகாது.

3

காம்யு 1913 நவம்பரிற் பிறந்தவர். அவர் குழந்தையாயிருக்கும்போதே, 1914இல், தந்தை போரில் மாண்டார். எழுத்தறிவில்லாத, செவிப்புலன் குன்றிய தாய் பிறர் வீடுகளைச் சுத்தஞ் செய்து பிழைத்தார். பெல்கூர் என்னும் தொழிலாளர் பகுதியில் வளர்ந்த சிறுவனை இனங்கண்டு, புலமைப்பரிசில் பெற வழிசெய்தவர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியரான லூயி ஜெர்மேன். அல்ஜீரியக் கைப்பற்றலின் நூற்றாண்டு விழா ஆரவாரமாகக் கொண்டாடப்பட்ட 1930ஆம் ஆண்டிலேயே காம்யுவைச் சயரோகம் பற்றியது. பல்கலைக்கழகக் கழகத்தின் இளைஞர் அணியிற் பந்துகாப்பாளராக விளையாடிய அவர் மைதானத்தை விட்டு விலக நேர்ந்தது. மோட்டார் உதிரிப்பாகங்கள் விற்றும், கப்பற்றரகு நிலையத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றியும் படித்தார். 1936இல் நவபிளேட்டோனியமும் கிறித்தவ சிந்தனையும் பற்றிய ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். நோயின் காரணமாக அரச ஆசிரியப் பதவிக்கான போட்டிப் பரீட்சைக்கு அவர் அனுமதிக்கப்படவில்லை.

இவ்வாழ்க்கையை அறிந்தபின் 1930களின் இறுதியில் வெளிவந்த 'மணவிழாக்கள்' என்ற கட்டுரைத் தொகுதியைப் படிப்போர் அதனை உல்லாசப் பயணியின் வர்ணனை எனத் தள்ளமாட்டார். அதிலுள்ள அல்ஜியர்சின் கோடை பற்றிய கட்டுரை, பயணிகள் அறியாத நகரத்தைக் காட்டுகின்றது. வசதியுடையோர் கோடையில் நகரை விட்டகல, வறியோரும் வானமுமே அங்கு எஞ்சுகின்றனர் என்பது அக்கட்டுரையின் மையக் கருத்துகளுள் ஒன்று. உழைப்பாளிகளான இளைஞர் பகலிற் கடலில் நீந்தி, மாலையில் பதோவானி கடற்கரை மண்டபத்தில் நடனமாடி, விரைவில் மணமுடித்து, முப்பது வயதுக்குள் வாழ்வின் வளத்தையெல்லாம் செலவிட்டுவிடுகின்றனர். சேமித்து வைப்பதற்கு அவர்களிடம் எதுவுமில்லை. உடலும் வெயிலுமே அவர்களது முதல். சயரோகத்தால் இளமையிலேயே மரணத்தை எதிர்கொண்ட மாணவனொருவன் உடலின் மகிழ்ச்சியை இத்துணை அழுத்திக் கூறுவதில் போலித்தனம் இல்லை. அதற்கு முன்னர், 1937இல், வெளியான 'மறுபக்கமும் நேர்பக்கமும்' என்ற தொகுதியிலோ தாயின் மௌனமும் வீட்டின் வறுமையும் அதே ஒளியில் வைத்துக் காட்டப்படுகின்றன. தன் வகுப்பாரின் பசியையும் வெயிலையும் ஒரே பக்கத்தில் எழுதக் காம்யுவுக்கு முடிந்தது.

ஆனால் அப்பக்கத்திற்கு ஓர் எல்லையுண்டு. அரபு, பேர்பர் மக்கள் அவ்விளமைக் கட்டுரைகளில் காப்பிக் கடையொன்றின் மூலையிலோ நிலக்காட்சியின் ஓரத்திலோ வந்து மறைகின்றனர். அவர்கள் நீந்துகின்றனரா, காதலிக்கின்றனரா, இளமையை விரைந்து செலவிடுகின்றனரா என்று எழுத்தாளர் கேட்பதில்லை. இதனை அறியாமை என்று விளக்குதல் பொருந்தாது. காம்யு 1935இல் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்து முஸ்லிம்களிடையே பணியாற்றினார். தேசியவாதிகள் தொடர்பாகக் கட்சியின் கொள்கை மாறியபோது அதனுடன் முரண்பட்டு, 1937இல் வெளியேற்றப்பட்டார். மாணவரையும் தொழிலாளரையும் கொண்டு அவர் அமைத்த தொழிலாளர் அரங்கு, 1936 ஜனவரியில் மால்ரோவின் நாவலைத் தழுவிய நாடகத்தை மேடையேற்றியது. அதே பதோவானி மண்டபமே அதற்கும் களம். அவ்வரங்கினர் கூட்டாக எழுதிய ஆஸ்தூரியா எழுச்சி பற்றிய நாடகத்தை நகரபிதா தடைசெய்தார். நகர வாழ்வின் அரசியல் கடற்கரை மண்டபத்துள்ளும் புகுந்திருந்தது. அதனைப் புகுத்தியவர்களுள் காம்யுவும் ஒருவர்.

மேலும், 1939 ஜூன் மாதத்தில் 'அல்ஜே றிபப்ளிக்கன்' நாளிதழுக்காகக் கபீலியாவின் பஞ்சத்தைப் பற்றி அவர் எழுதிய தொடர், அக்காலப் பிரெஞ்சுப் பத்திரிகைத்துறையில் மிகத் துணிவானவற்றுள் ஒன்று. கூலி, தானிய விநியோகம், பாடசாலைப் பற்றாக்குறை என்பவற்றையெல்லாம் அவர் கணக்கிட்டுக் காட்டினார். எனவே காம்யு காணாதவர் அல்லர். கண்டதை அவர் இரு வேறு வடிவங்களுக்குப் பங்கிட்டார். வெயில் இலக்கியக் கட்டுரைக்கும், பிற இனத்தாரின் பசி பத்திரிகைச் செய்திக்கும் உரியனவாயின. 1942இல் வெளியான 'அந்நியன்' இப்பிரிவினையின் விளைவை முற்றாகக் காட்டுகின்றது. தாயின் அடக்கத்துக்கு மறுநாள் கடலில் நீந்தும் மெர்சோ, தான் மாணவனாயிருந்தபோது முன்னேறும் ஆசைகள் இருந்ததாகவும், படிப்பைக் கைவிட நேர்ந்தபின் அவை முக்கியமற்றவையாகிவிட்டதாகவும் ஓரிடத்தில் நினைவுகூர்கின்றான். படிப்பை இழந்த மாணவனுக்கு எஞ்சியது வெயில். அந்த வெயிலே கொலைக்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. கொலையுண்ட அரபிக்குப் பெயரில்லை.

4

காம்யு பிறந்த அதே 1913இல், எட்டு மாதங்களுக்கு முன்னர், கபீலியாவின் மலைக்கிராமமொன்றில் வறிய விவசாயியின் மகனாகப் பிறந்தவர் மூலூத் பெராவுன். அவரும் புலமைப்பரிசிலாற் படித்தவர். 1932இல், அல்ஜியர்ஸ் நகரை அடுத்த குன்றின் மீதுள்ள பூசரேயா ஆசிரிய கலாசாலைக்கு அனுமதி பெற்றார். காம்யு பல்கலைக்கழகத்திற் பயின்ற அவ்வாண்டுகளில் பெராவுனும் அதே குடாவைக் குன்றின் மேலிருந்து கண்டிருத்தல் வேண்டும். ஏழ்மை, புலமைப்பரிசில், ஆசிரியர் மீதான நன்றி ஆகியவற்றால் ஒத்த இவ்விரு மாணவரும் அக்காலத்தில் ஒருவரையொருவர் அறிந்திலர்.

பெராவுனின் 'ஏழையின் மகன்' 1950இல் வெளிவந்தது. அதன் நாயகன் பூருலு, எழுத்தாளரின் பெயரிலுள்ள எழுத்துகளை மாற்றியமைத்துப் பெறப்பட்டவன். அத்திப்பழமும் கூழும், குடும்பத்தின் கடன், தொழில் தேடிப் பிரான்சுக்குச் சென்று காயமுற்ற தந்தை என்பனவே இந்நூலின் உலகம். இங்கு படிப்பென்பது மகிழ்ச்சியைத் தள்ளிவைக்கும் தவம். பரீட்சையிற் தவறினால் மகன் மீண்டும் ஆடு மேய்க்கவேண்டும். தேறினால் குடும்பமே உண்ணும். காம்யுவின் இளைஞர் இன்றைய பகலை இன்றே செலவிடுகின்றனர். பூருலுவின் ஒவ்வொரு நாளும் வருங்காலத்துக்கு ஈடுவைக்கப்பட்டது. வெயிலிற் கிடப்பதற்கும் ஓய்வு வேண்டும்; ஓய்வு எவர்க்கும் இலவசமாகக் கிடைப்பதன்று என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகின்றது.

இந்நூலின் பதிப்பு வரலாறும் கவனத்துக்குரியது. 1954இல் பாரிசில் வெளியான பதிப்பில், நாயகனின் கலாசாலை வாழ்வையும் அதற்குப் பிந்திய காலத்தையும் கூறும் பகுதி நீக்கப்பட்டது. அல்ஜியர்சில் நடக்கும் நுழைவுப் பரீட்சைக்காக அவன் தந்தையைப் பிரிந்து புறப்படுவதோடு கதை முடிவுறுகின்றது. விடப்பட்ட பகுதி பெராவுனின் மறைவுக்குப் பின், 1972இல், 'ஆண்டு நிறைவு' என்ற தொகுதியில் இடம்பெற்றது. இதனால் பரவலாகப் படிக்கப்பட்ட நூல் மலைக்கிராமத்துச் சிறுவனின் கதையாகவே நிலைத்தது. பசியுள்ள கபீலியனைக் கிராமத்திற் காண வாசகர் பழகினர். நகரத்து மாணவனாக அவனைக் காணும் வாய்ப்பு இரண்டு தசாப்தங்களுக்குக் கிட்டவில்லை. நீக்கத்தின் நோக்கம் எதுவாயினும் அதன் விளைவு இதுவே.

'கொள்ளைநோய்' நாவலைப் படித்த பெராவுன் 1951இல் காம்யுவுக்கு எழுதிய கடிதமொன்றில், ஓரான் நகரைக் களமாகக் கொண்ட அந்நாவலின் பாத்திரங்களுள் சுதேசிகள் ஒருவருமில்லாமை குறித்துத் தம் வருத்தத்தை மரியாதையுடன் தெரிவித்தார். கொனோர் குறூஸ் ஓ'பிரையன் 1970இலும், எட்வேர்ட் சயித் 'கலாசாரமும் ஏகாதிபத்தியமும்' என்ற நூலில் 1993இலும் முன்வைத்த விமர்சனத்தின் கரு அக்கடிதத்திலேயே உண்டு. பின்னையோர் அதனைக் குற்றச்சாட்டாக வைத்தனர். பெராவுன் அதனை ஒரு சக எழுத்தாளனின் குறையாகச் சொன்னார். கடிதம் எழுதியவர் காம்யுவை நேசித்தவர் என்பதால் அக்குறை மேலும் கனமுடையதாகின்றது.

5

மூன்றாமவரான அசியா ஜெபார் 1936இல் பிறந்தவர். அவரது ஊரான செர்ஷெல், காம்யு புகழ்ந்தெழுதிய திப்பாசாவின் உரோமச் சிதைவுகளுக்கு மேற்கே அதே கடற்கரையில் உள்ளது. காம்யு படித்த உயர்பள்ளியிலேயே ஜெபாரும் தம் மேற்படிப்பைத் தொடங்கினார். 1955இல் பிரான்சின் செவ்ர் உயர் கலாசாலைக்குத் தெரிவான முதல் அல்ஜீரியப் பெண் என்ற சிறப்பைப் பெற்றார். 1956 மே 19இல் அல்ஜீரிய முஸ்லிம் மாணவர் சங்கம் விரிவுரைகளையும் பரீட்சைகளையும் பகிஷ்கரிக்குமாறு அறைகூவியது. மாணவர் பலர் புத்தகங்களை விட்டுப் போராளிகளுடன் மலைக்காடுகளிற் சேர்ந்தனர். பகிஷ்கரிப்பில் இணைந்த ஜெபார், அக்காலத்தில் எழுதிய முதல் நாவல் 'தாகம்' 1957இல் வெளிவந்தது.

பகிஷ்கரிப்பு நாளில் எழுதப்பட்ட நாவலில் பகிஷ்கரிப்பு இல்லை; போரும் இல்லை. பிரெஞ்சுத் தாய்க்கும் அல்ஜீரியத் தந்தைக்கும் பிறந்த நாதியா என்ற இளம்பெண், கடற்கரைக் கோடைவாசத்தின் சலிப்பிடையே, தோழியின் கணவன்பால் ஆசை கொள்வதே கதை. நாடு தீப்பற்றி எரிகையில் வெயிலையும் கடலையும் எழுதுவதா என்று தேசியவாதிகள் கண்டித்தனர். காம்யுவிடம் அரபியரைக் காணோம் என்று கேட்டவர்கள், அரபுப் பெண்ணொருத்தி கடற்கரையில் தோன்றியபோது போரைக் காணோம் என்று கேட்டனர். மொரோக்கோ விமர்சகர் அப்தெல்கெபீர் கதீபி பின்னர் இக்கண்டனத்தை மறுத்தார். தன் உடலைத் தான் கண்டுகொள்வதும் ஒரு புரட்சியே என்பது அவர் வாதம். இது ஏற்கத்தக்கது. வெயிலில் நிற்கும் உரிமை காம்யுவின் இளைஞர்க்குப் பிறப்பிலேயே கிடைத்தது. முக்காடிட்ட வீடுகளின் பெண்ணுக்கு அது போராடிப் பெறவேண்டியதாயிருந்தது. அந்நிய ஆட்சி நீங்குவதால் மட்டும் அது கிட்டிவிடாது என்பதை ஜெபார் மிக இளமையிலேயே உணர்ந்திருந்தார்.

எனினும், அதே கோடையின் முடிவில் கடற்கரையும் போரும் கொடூரமான முறையில் ஒன்றுசேர்ந்தன. 1956 செப்டெம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. அல்ஜியர்ஸ் சட்டபீட மாணவியான சொஹ்ரா திரீப் ஐரோப்பியப் பெண்போல் உடுத்து, கடற்கரைப் பையில் வெடிகுண்டை மறைத்து, மில்க் பார் என்ற சிற்றுண்டிச்சாலையில் வைத்துச் சென்றார். கடலாடித் திரும்பிய குடும்பங்கள் அங்கு நிறைந்திருந்தன, குழந்தைகளும் அங்கவீனராயினர். மிஷ்லே வீதியில், பல்கலைக்கழகத்தருகே, மாணவர் கூடும் மற்றொரு சிற்றுண்டிச்சாலையிலும் குண்டு வெடித்தது. கஸ்பாவில் முஸ்லிம் குடியிருப்பொன்றைத் தகர்த்துப் பலரைக் கொன்ற குண்டுக்கு இவை பழியெனக் கூறப்பட்டன. இலக்கியம் இணைக்கத் தவறிய இரண்டையும் வரலாறு இணைத்த விதம் இது. இங்கு எவரும் வெற்றி கொண்டாடுவதற்கில்லை.

6

1957 டிசெம்பரில் நோபல் பரிசு பெறச் சென்ற காம்யுவை, ஸ்ரொக்ஹோம் மாணவர் கூட்டத்தில் இளம் அல்ஜீரியரொருவர் கேள்விகளால் நெருக்கினார். அல்ஜியர்சின் டிராம் வண்டிகளிற் குண்டுகள் வைக்கப்படுகின்றன, அவற்றுள் ஒன்றில் தம் தாய் இருக்கலாம், அதுவே நீதியெனில் தாம் தாயின் பக்கமே நிற்பார் என்ற கருத்துப்படக் காம்யு விடையளித்தார். இவ்விடை பின்னர் சுருக்கித் திரித்துப் பரப்பப்பட்டது. ஆனால் அக்காட்சியின் உட்பொருள் விடையில் மட்டும் இல்லை. முன்னாள் அல்ஜியர்ஸ் மாணவர் ஒருவரை இன்னொரு தலைமுறை அல்ஜீரியர் கேள்வி கேட்கின்றார். இளமைக் கட்டுரைகளின் ஓரத்தில் நின்றவர் இப்போது மண்டபத்தின் நடுவில் எழுந்து நிற்கின்றார்.

காம்யு 1960 ஜனவரி 4இல் விபத்தில் மாண்டார். அவர் முடிக்காது விட்ட 'முதல் மனிதன்' 1994இல் வெளியாயிற்று. இந்நாவலிற் சிறுவரின் கடற்கரை விளையாட்டும், தாயின் தெருவில் வெடிக்கும் குண்டும், குடியேற்றத்தின் வன்முறையும் ஒன்றாக இடம்பெறுகின்றன. பிரித்து வைத்தவற்றைச் சேர்க்க அவர் தொடங்கியிருந்தார் என்பதற்கு இக்கைப்பிரதி சான்று. ஜெபாரும் 2007இல் வெளியிட்ட 'என் தந்தையின் வீட்டில் எங்குமில்லை' என்ற சுயசரித நாவலில், அல்ஜியர்ஸ் வீதிகளில் முக்காடின்றி நடந்த மாணவியின் களிப்பையும், 1953 இலையுதிர் காலத்தில் அவள் டிராம் வண்டியின் முன் பாயத் துணிந்த அவலத்தையும் சேர்த்தே எழுதினார். இளமையின் வெயிலை அதன் நிழலோடு எழுத அவருக்கு ஐம்பதாண்டுகள் வேண்டியிருந்தன. பெராவுனுக்கு அக்கால அவகாசம் கிட்டவில்லை. போர்நிறுத்த உடன்படிக்கைக்கு மூன்று நாள் முன்பு, 1962 மார்ச் 15இல், கல்விப்பணிக் கூட்டமொன்றிலிருந்து வெளியே அழைக்கப்பட்டு, தோழர் ஐவருடன், பிரெஞ்சுத் தீவிரவாதக் குழுவினராற் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூன் மாதம் அதே குழுவினர் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தீ வைத்தனர். நூலகம் எரிவதன் பொருளைத் தமிழ் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

7

இம்மூவரையும் ஒப்புநோக்குவதன் பயன் யாது? விமர்சனத்தில் இருவகை எளிய வழிகள் உள. வெயிலையும் கடலையும் நித்தியமான மனித அனுபவமாக்கி, காம்யுவின் உரைநடையழகில் மயங்கி நிற்றல் ஒரு வழி. ஒரு நூலில் இல்லாத மனிதரை எண்ணிக் கணக்கெடுத்து, அதைக் கொண்டே தீர்ப்பு வழங்குதல் மற்றொரு வழி. முதல் வழி பெராவுனின் கடிதத்துக்கு விடை கூறாது. இரண்டாம் வழி 'தாக'த்தையும் தண்டித்துவிடும். சயரோகம் பற்றிய ஏழை மாணவனொருவனின் மகிழ்ச்சியையும் பொய்யென்றுவிடும்.

காம்யு கூறியது பொய்யன்று, முழுமையும் அன்று. வெயில் ஏழைகளின் செல்வம் என்ற அவரது கூற்று பெல்கூர் ஏழைக்கு உண்மையாயிருந்தது. அது உண்மையாயிருந்தமையாற்றான், அதே நகரத்திற் கபீலிய மாணவனுக்கும் முஸ்லிம் மாணவிக்கும் எது மறுக்கப்பட்டது என்பதை அளக்க அது அளவுகோலாகின்றது. வறுமையைக் குறைபாடுகளின் பட்டியலாக மட்டுமே எழுதும் இலக்கியத்தில் இவ்வளவுகோல் கிடைக்காது. மனிதர்க்கு உரிய மகிழ்ச்சி யாதென்பதைக் காட்டிய பின்னரே அது பறிக்கப்பட்டமையின் கொடுமையும் புலப்படும். இவ்வகையிற் காம்யுவின் வெயில் பெராவுனுக்கும் ஜெபாருக்கும் வேண்டியதாகின்றது. அவர்கள் எழுத்து காம்யுவுக்கும் வேண்டியதாகின்றது.

கடற்கரை நகரங்கள் யாவும் தம் வெயிலை வந்தோர்க்கு விற்கின்றன. அந்நகரங்களிற் படிக்கச் சென்ற இளைஞர் அவ்வெயிலின் கீழ் எவ்வாறு உண்டனர், எங்கு உறைந்தனர், எவரோடு பேசவில்லை என்பதை எழுதுவதும், எழுதப்பட்டவற்றை அவ்வாறு படிப்பதும் இலக்கிய மாணவரின் பணியாகும். அல்ஜியர்சில் மூவர் எழுதியதை ஒருவரே எழுதியிருப்பின் அது பெருநூலாயிருக்கும். அந்நூல் எழுதப்படவில்லை. மூன்று நூல்வரிசைகளை அருகருகே வைத்துப் படிக்கும் வாசகன் மட்டுமே அதனை இன்று படிக்கமுடியும்.